ராமன் ஆய்வுக்கு எந்த லேசர்: 532-ஆ, 785-ஆ, 1064-ஆ?

ராமன் நிறமாலைமானி என்பது, லேசர் பட்டுச் சிதறும் ஒளியின் அலைநீள மாற்றத்தை வைத்துப் பொருளை அடையாளம் காணும் கருவி. அதை வாங்கும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது லேசரின் அலைநீளம். சிக்னலை மட்டும் பார்த்தால் 532 நானோமீட்டர் பச்சை லேசரை அடிக்க ஆள் இல்லை. அலைநீளம் கூடக் கூட, அதன் நான்காம் அடுக்குக்கு ஏற்ப ராமன் சிதறல் குறையும். அதனால் அதே திறனில் 785-ஐவிட சுமார் 4.7 மடங்கும், 1064-ஐவிட சுமார் 16 மடங்கும் பச்சையில் கிடைக்கும்.

ஆனால் இந்தக் கணக்கை வைத்து வாங்காதீர்கள். லேசர் பட்டால் சாம்பிள் தானும் ஒளி உமிழ்ந்து ஒளிருமா (fluorescence) என்று முதலில் பாருங்கள். மஞ்சள் தூளைப் பச்சை லேசரில் வைத்தால் ஒளிர்வு மேடாக எழுந்து, பொருளை அடையாளம் காட்டும் கூரிய உச்சிகளை மூடிவிடும். 785-இல் அந்த மேடு தணியும். 1064-இல் 1600 செ.மீ.⁻¹ (சிதறிய ஒளி லேசரிலிருந்து எவ்வளவு விலகியது என்ற அளவு) பக்கத்துக் குர்குமின் உச்சிகள் தெளிவாகத் தெரியும். கேரட்டில் கதையே வேறு. அதன் கரோட்டின் பச்சை ஒளியோடு ஒத்திசைவதால் 1157, 1520 அருகே உள்ள உச்சிகள் 532-இல் ஓங்கி நிற்கும். ஒளிர்வுத் தொல்லை இந்தத் துறையைவிடப் பழையது: 1923-இல் சி. வி. ராமனின் மாணவர் கே. ஆர். ராமநாதன் திரவங்களில் கண்ட, பின்னாளில் ராமன் சிதறல் எனப்பட்ட மங்கலான புது ஒளியும் முதலில் 'பலவீனமான ஒளிர்வு' என்றே எண்ணப்பட்டது.

மருந்து, பாலிமர், உணவு என்று கலவையாகச் சாம்பிள் வரும் ஆய்வகத்துக்கு நான் 785-ஐத்தான் சொல்வேன். அதற்கும் குறை உண்டு. கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பின் 2900 செ.மீ.⁻¹ உச்சி சுமார் 1016 நானோமீட்டரில் வந்து விழும். அங்கே சிலிக்கான் டிடெக்டரின் உணர்திறன் சரிந்துவிடும். பச்சையில் அதே உச்சி 629-இல் வசதியாக அமையும். இன்னொன்று, சாதாரண கண்ணாடி ஸ்லைடு 785-இல் 1400 அருகே அகலமான ஒரு மேட்டைக் காட்டும். அதைச் சாம்பிளின் உச்சி என்று எண்ணிவிடாமல், குவார்ட்ஸ் அல்லது அலுமினியப் பரப்பில் வைத்து அளப்பது நல்லது.

1064-க்குச் சிலிக்கான் டிடெக்டர் உதவாது. இந்தியம் காலியம் ஆர்சனைடு வேண்டும். இரைச்சல் அதிகம், காத்திருக்கும் நேரமும் அதிகம். போதாக்குறைக்கு, 1450 நானோமீட்டர் பக்கம் வரும் சிக்னலைத் தண்ணீர் விழுங்கிவிடும். மற்ற இரண்டிலும் ஒளிர்வு அடங்காத சாம்பிள்களுக்கு மட்டும் இது போதும்.

கிராஃபீன், குறைக்கடத்தி, கனிமம் என்றால் தயங்காமல் 532. புள்ளியையும் சிறிதாகக் குவிக்கலாம். திறனை மட்டும் குறைத்தே தொடங்குங்கள்: மேக்னடைட் போன்ற கறுப்புக் கனிமம் லேசர் சூட்டில் ஹெமடைட்டாக மாறிவிடும், அப்புறம் திரையில் தெரிவது நீங்கள் வைத்த பொருளே அல்ல.

பாதுகாப்புக் கண்ணாடியை லேசருக்கு ஏற்பத் தனித்தனியாக வாங்குங்கள். பச்சைக்கானது 785-ஐத் தடுக்கும் என்று நம்ப முடியாது. 785 கண்ணுக்கு மங்கல் சிவப்பாகத்தான் தெரியும், 1064 தெரியவே தெரியாது. இமை தானாக மூடிக் காப்பாற்றாது.