திருகோணமலையில் ஒரு வைரஸ் பரிசோதனை

சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் ஊருக்கு வருவதென்றால், விமான டிக்கெட்டுக்கு முன்னர் ஆய்வுகூடத்தைத் தேடவேண்டும். நான் டொரோண்டோவில் இருந்து புறப்படும் தறுவாயில்தான் வைரஸைத் தடுக்கும் வல்கன்சிக்ளோவிர் மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள். நோயெதிர்ப்புக் குறைந்தவர்களை வருத்தும் சைட்டோமெகலோ வைரஸ் மறுபடி தலைதூக்கக்கூடிய காலம் அது. ஊரில் இருக்கும்போதே இரத்தத்தில் வைரஸின் அளவைப் பார்த்து அனுப்பும்படி வைத்தியர் கடிதம் தந்திருந்தார்.

உவர்மலைப் பக்கம் ஒரு மாதிரி சேகரிப்பு நிலையத்துக்குப் போனேன். எடுத்த எடுப்பில், புதிய தொற்றில் உயரும் ஐஜிஎம் பிறபொருளெதிரிப் பரிசோதனைக்குப் பற்றுச்சீட்டு எழுதிவிட்டார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அதை நம்பி இருக்க முடியாது. இந்த வைரஸ் ஒருமுறை புகுந்தால் வாழ்நாள் முழுவதும் வெள்ளணுக்களில் உறங்கிக் கிடக்கும். ஐஜிஜி என்ற மற்றப் பிறபொருளெதிரி சொல்வது, எப்போதோ தொற்றியது என்பதை மட்டுமே. நோயெதிர்ப்பை அடக்கும் டக்ரோலிமஸ் மருந்து எடுக்கும் உடலில் ஐஜிஎம் உரிய நேரத்தில் உயரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. வைரஸின் டிஎன்ஏயையே அளக்கும் பிசிஆர்தான் வேண்டும். காய்ச்சல் தொடங்குமுன்பே அது காட்டிக்கொடுத்துவிடும்.

நான் விடவில்லை. உள்ளேயிருந்து வந்த இளம் பெண் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தார். “காலையில் வெள்ளன வாருங்கள் அண்ணா, வாகனம் வெளிக்கிடுமுன் பிரித்துவிடலாம்” என்றார். மறுநாள் ஊதா மூடிக் குழாயில் இரத்தம் எடுத்து, சுழற்றி, மேலே தெளிந்த மஞ்சள் நீரைச் சிறு குழாய்க்கு மாற்றி, ‘பிளாஸ்மா’ என்றும் நேரத்தையும் எழுதிப் பனிப்பெட்டியில் வைத்தார். அந்தச் சொல் முக்கியம். முழு இரத்தத்தில் அளந்தால் அணுக்களுக்குள் இருக்கும் வைரஸும் சேர்ந்து எண் பெரும்பாலும் கூடுதலாகவே வரும்.

அறிக்கை வாட்ஸ்அப்பில் வந்தது: வைரஸ் தென்படுகிறது, ஆனால் எண்ணால் சொல்லக்கூடிய அளவுக்குக் கீழே. உலக சுகாதார நிறுவனம் 2010இல் பொது அளவுகோல் கொண்டுவந்த பிறகும் ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் எண் வேறுபடுகிறது. அதனால் அதே இடத்திலேயே மீண்டும் பார்க்கும்படி டொரோண்டோவில் இருந்து சொன்னார்கள். பார்த்தேன்; ஏறவில்லை. மாத்திரையும் தேவைப்படவில்லை.

அந்தப் பெண்ணின் கவனத்துக்கு நான் கடமைப்பட்டவன். ஆனால் மூதூரில் இருந்தோ கிண்ணியாவில் இருந்தோ கடிதம் இல்லாமல் வருபவருக்கு யார் சொல்வார்கள்? டெங்குவுக்கும் சீனிக்கும் விலைப்பலகையில் இடம் இருக்கிறது. இந்தப் பிசிஆருக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.