தொலைநோக்கிக்கு 12 வோல்ட் பேட்டரி: சில சீசன்கள் ஓட்டிய பிறகு சொல்ல முடிவது

இரவு பதினோரு மணி வரை ஒழுங்காக ஓடிய கோ-டு மவுண்ட் (தொலைநோக்கியை மோட்டாரால் தானே விண்மீன் பக்கம் திருப்பும் தாங்கி), ஓரியனிலிருந்து சிம்மத்துக்குத் திரும்பும்போது பாதியில் முனகி நின்றுவிட்டால், கெட்டுப்போனது பெரும்பாலும் மோட்டார் அல்ல. பேட்டரியும் காலியாகியிருக்காது. மல்டிமீட்டரை வயரின் இரண்டு முனையிலும் வைத்துப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். பேட்டரி முனையில் 12.4 வோல்ட் இருக்கும், மவுண்ட் முனையில் 10.9 இருக்கும். ஸ்கைவாட்சர் ஈக்யூ6-ஆர் போன்ற மவுண்டுகள் கேட்பது 11 முதல் 16 வோல்ட். அதற்குக் கீழே போனதும் பவர் விளக்கு சிமிட்டும், அடியடியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார் அடி தவறும், அதன் பிறகு மவுண்ட் காட்டும் இடமெல்லாம் தப்பாகவே இருக்கும்.

அதனால் பேட்டரி வாங்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி எத்தனை ஏஎச் (ஆம்ப்-அவர், ஆம்பை மணியால் பெருக்கிய கொள்ளளவு) என்பதல்ல. கடைசி மணி நேரத்திலும், வயரின் மறுமுனையில், இரண்டு அச்சும் சேர்ந்து வேகமாகத் திரும்பும்போது எத்தனை வோல்ட் நிற்கும் என்பதுதான்.

முதலில் செலவுக் கணக்கு. விண்மீனைப் பின்தொடரும்போது நடுத்தர மவுண்ட் அரை முதல் ஒரு ஆம்ப் வரை எடுக்கும், வேகமாகத் திரும்பும்போது 2 முதல் 4 ஆம்ப். பனி தடுக்கும் ஹீட்டர் பட்டை 4 அங்குல லென்ஸுக்கு 8 முதல் 12 வாட், 8 அங்குலக் குழாய்க்கு 20 வாட்டை நெருங்கும். ஜவ்வாது மலையிலோ ஏலகிரியிலோ மார்கழி, தை மாதங்களில் ஹீட்டர் இல்லாமல் நள்ளிரவைத் தாண்டுவது கஷ்டம். கண்ணால் மட்டும் பார்ப்பவருக்கு மவுண்டும் ஒரு ஹீட்டரும் சேர்ந்து சராசரி 1.6 ஆம்ப், ஐந்து மணி நேரத்துக்கு 8 ஏஎச். படம் எடுப்பவர் கதை வேறு. மவுண்ட் 1, குளிரூட்டிய கேமரா 2, மினி கணினி 1, இரண்டு ஹீட்டர் 1.2 என்று கூட்டினால் 5.2 ஆம்ப் வரும். எட்டு மணி நேரத்துக்கு 42 ஏஎச். மேலே 20 சதவீதம் கையிருப்பு வைத்தால் 50 ஏஎச்.

பலரும் தொடங்குவது யூபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட் 7 ஏஎச் லெட்-ஆசிட் பேட்டரியில். விலை குறைவு, எந்த ஊரிலும் கிடைக்கும். ஆனால் அந்த 7 ஏஎச் என்பது 20 மணி நேரத்தில் மெதுவாக, அதாவது 0.35 ஆம்ப் வீதம் இறக்கினால் கிடைக்கும் அளவு. 2 அல்லது 3 ஆம்ப் இழுத்தால் வெகுவாகக் குறையும். பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுளும் போகும். ஆக, நம்பி எடுக்கக்கூடியது 3.5 ஏஎச். இன்னொன்றும் உண்டு: லெட்-ஆசிட் பேட்டரியைக் காலியாகவோ அரைகுறை சார்ஜிலோ போட்டு வைத்தால் தட்டுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். மழைக்காலம் முழுக்க மூலையில் கிடந்த பேட்டரி ஜனவரியில் சார்ஜ் ஏற்றியபின் 12.6 வோல்ட் காட்டும், ஹீட்டரைச் செருகியதும் 11க்கு விழும். பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டிய காரின் பேட்டரியைப் பயன்படுத்துவதும் வேண்டாம். அது ஸ்டார்ட்டருக்காக நொடி நேரம் பெரிய மின்னோட்டம் தரச் செய்தது, மெதுவாக ஆழமாக இறக்க அல்ல.

அடுத்தது கடையில் "12 வோல்ட் லித்தியம்" என்று மட்டும் சொல்லி விற்கும் பேக். மருந்தடிக்கும் ஸ்பிரேயருக்கும், சிசிடிவிக்கும் வாங்குவது. இவற்றில் பல, மூன்று லித்தியம் அயான் செல்களைத் தொடராக இணைத்தவை. நிரம்பியிருக்கும்போது 12.6 வோல்ட், பாதியில் 11.3 சுமார், முடிவில் 9. வயரில் விழுவதையும் கழித்தால், பேக்கில் பாதி மின்சாரம் மிச்சம் இருக்கும்போதே மவுண்ட் நின்றுவிடும். ஸ்பிரேயருக்கு இது குறையே இல்லை, பம்பு கொஞ்சம் மெதுவாக ஓடும், அவ்வளவுதான். நமக்குப் பணம் வீண். சார்ஜரின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். 12.6 என்று போட்டிருந்தால் இந்த வகை, 14.6 என்று போட்டிருந்தால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட்.

இந்த வேலைக்குத் தயங்காமல் பரிந்துரைக்கக்கூடியது அந்த லித்தியம் அயர்ன் பாஸ்பேட்தான், சுருக்கமாக எல்எஃப்பி. 3.2 வோல்ட் செல் நான்கு சேர்ந்து 12.8. நிரம்பி அடங்கியபின் 13.3 அல்லது 13.4 நிற்கும், 20 சதவீதத்திலும் 12.9 சுமார் இருக்கும். மாலையில் இருந்த வலுவே விடியும்வரை மவுண்டுக்குக் கிடைக்கிறது. முறையாக வைத்திருந்தால் இரண்டாயிரம் முறைக்கு மேல் ஏற்றி இறக்கலாம், வார இறுதிப் பொழுதுபோக்கில் அந்த எண்ணிக்கையைத் தொடவே முடியாது.

இதன் நற்குணமே ஒரு சிக்கலையும் தருகிறது. 90 சதவீதத்துக்கும் 40 சதவீதத்துக்கும் இடையே 0.2 வோல்ட் அளவே வித்தியாசம் இருப்பதால், பேக்கின் மேல் ஒட்டியிருக்கும் நான்கு புள்ளி எல்இடி மீட்டரை நம்ப முடியாது. கடைசிவரை மூன்று புள்ளி காட்டிவிட்டு, 10 வோல்ட் பக்கம் வந்ததும் உள்ளே உள்ள பிஎம்எஸ் என்ற பாதுகாப்புச் சுற்று பட்டென்று துண்டித்துவிடும். எடுத்த ஆம்பை நேரத்தோடு பெருக்கிக் கணக்கு வைக்கும் ஷன்ட் மீட்டர் ஒன்றைப் பொருத்திக்கொள்வது நல்லது. துண்டித்தபின் முனையில் பூஜ்ய வோல்ட் தெரியும், சில சார்ஜர்கள் அதைப் பார்த்து "பேட்டரியே இல்லை" என்று சும்மா இருந்துவிடும். பேட்டரி செத்துவிட்டது என்று தூக்கிப் போட வேண்டாம். எல்எஃப்பிக்கென்று வரும், பேட்டரியை எழுப்பும் வசதியுள்ள சார்ஜரைப் போட்டால் மீண்டுவிடும். சல்பேட் நீக்கும் மோட் உள்ள லெட்-ஆசிட் சார்ஜரை மட்டும் இதில் செருகவே கூடாது.

போலி அளவைப் பிடிக்கத் தராசு போதும். 12.8 வோல்ட் எல்எஃப்பி பேக் ஒவ்வொரு 10 ஏஎச்சுக்கும் குறைந்தது ஒரு கிலோ இருக்க வேண்டும். ஒன்றரைக் கிலோவில் 20 ஏஎச் என்று தந்தால் வாங்காதீர்கள். சோதனையும் சுலபம். முழுக்க சார்ஜ் செய்து, காரின் 55 வாட் ஹெட்லைட் பல்பை மாட்டி நேரம் பாருங்கள். 4.5 ஆம்ப் அளவில் இழுக்கும், 20 ஏஎச் உண்மையென்றால் நாலேகால் மணி நேரத்துக்குக் குறையாமல் எரிய வேண்டும். பல்பு கொதிக்கும், ஓட்டின் மேலோ செங்கல்லின் மேலோ வைத்துவிட்டுப் பக்கத்திலேயே இருங்கள்.

இனி வயர். நீண்ட நாள் பயன்பாட்டில் முதலில் சாவது செல் அல்ல, இணைப்புகள்தான். மெல்லிய 0.5 சதுர மி.மீ. வயர் 3 மீட்டர் இருந்தால், போக வர 6 மீட்டர், 3 ஆம்பில் 0.65 வோல்ட் போய்விடும். 1.5 சதுர மி.மீ. போட்டால் 0.22 மட்டுமே. வித்தியாசம் ஒரு டீ செலவு. சிகரெட் லைட்டர் பிளக்கைக் கூடுமானவரை தவிர்க்க வேண்டும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கே பிளக்கை வெளியே தள்ளப் பார்க்கும், நுனி கறுத்துச் சூடாகும், யாராவது காலால் இடறினால் இரவே முடிந்தது. பேட்டரிப் பக்கம் எக்ஸ்டி60 அல்லது ஆண்டர்சன் கனெக்டர், மவுண்ட் பக்கம் அதற்குரிய பிளக். சென்னை ரிச்சி தெருவில் இவை எல்லாமே கிடைக்கும். 5.5 / 2.1 மி.மீ. பிளக்கில் நடு முள் பாசிட்டிவ்வா என்று மீட்டரில் பார்த்த பிறகே செருகவும். 2.5 மி.மீ. துளையுள்ள பிளக்கும் உள்ளே போய்விடும், ஆனால் தளர்வாக நின்று தொட்டுத் தொட்டு விடும். காரணமில்லாமல் மவுண்ட் ரீசெட் ஆகிறது என்ற புகாரில் பாதி இதுதான்.

ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஆட்டோ எலெக்ட்ரீஷியன் கடையில் கிடைக்கும் சிவப்பு நிற 10 ஆம்ப் பிளேடு ஃபியூஸ் போதும். ஹீட்டரின் கட்டுப்பாட்டுப் பெட்டி நொடிக்குப் பலமுறை அணைந்து எரியும் வகையென்றால், அதற்குப் பேட்டரியிலிருந்தே தனி வயர் இழுங்கள். ஒரே வயரில் கேமராவும் இருந்தால் படத்தில் கோடு கோடாக வர வாய்ப்புண்டு.

பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஒரே பெட்டியில் வரும் பவர் ஸ்டேஷன் வாங்குவோர் 230 வோல்ட் சாக்கெட்டைத் தொடாமல் 12 வோல்ட் வாயிலிருந்தே எடுக்க வேண்டும். இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதே 5 முதல் 15 வாட் தின்னும். பின்தொடரும் மவுண்ட் எடுக்கும் அளவே அதுதான்! மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஈகோ மோடை அணைத்து வையுங்கள், இல்லையென்றால் குறைந்த ஆம்பைப் பார்த்து ஏதும் மாட்டவில்லை என்று எண்ணி வாயை மூடிக்கொள்ளும் மாடல்கள் உண்டு. பவர் பேங்கில் 20,000 எம்ஏஎச் என்பது 3.7 வோல்ட் கணக்கு, 74 வாட்-அவர். மாற்றத்தில் போனது போக 12 வோல்ட்டில் 5 ஏஎச்சுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பிடி (யூஎஸ்பி பவர் டெலிவரி) வகையில் 5, 9, 15, 20 வோல்ட்தான் வழக்கமான படிகள், 12 எல்லாவற்றிலும் வராது, 12 கேட்கும் கேபிள் பல பவர் பேங்குகளில் 9 தந்துவிடும். கேமராவை மட்டும் தாங்கி விண்மீனைப் பின்தொடரும் சிறிய டிராக்கருக்கு மட்டும் இது சரி. விமானத்தில் கொண்டுபோக 100 வாட்-அவருக்குள் கைப்பையில் வைக்கலாம் என்பது இதற்கு ஒரு தனிச் சலுகை.

நம் ஊரில் எல்எஃப்பிக்கு எதிரி குளிரல்ல, வெயில். ஊட்டியில் உறைபனி விழும் ஜனவரி இரவிலும் மின்சாரம் எடுக்கலாம். பூஜ்ய டிகிரிக்குக் கீழே சார்ஜ் மட்டும் ஏற்றக் கூடாது, காலையில் அறைக்குள் வைத்துச் சூடேறியபின் ஏற்றலாம். ஆனால் சித்திரை வெயிலில் கார் டிக்கியில் நிரம்பிய பேட்டரியை விட்டுவைத்தால் செல்கள் வேகமாக மூப்படையும். அக்டோபர், நவம்பரில் மேகம் மூடி வேலையில்லாத நாட்களுக்கு, பாதி சார்ஜில், 13.1 வோல்ட் அளவில், வயரைக் கழற்றித் தரையோரம் நிழலில் வையுங்கள். வானம் தெளியும் வாரத்தில் ஒருமுறை முழுக்க ஏற்றி, கனெக்டர்களைக் கையால் அசைத்துப் பார்த்து, ஹெட்லைட் பல்பை மாட்டி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். போன வருடக் குறிப்போடு ஒப்பிட்டால் பேக்கின் நிலை தெரிந்துவிடும்.