எஃப் ஷார்ப்புல அசின்க்கா டாஸ்க்கா? பைப்புக்குள்ள போட்டா எது எப்படி நடந்துக்குது

மைக்ரோசாப்ட்டோட எஃப் ஷார்ப் புரோகிராமிங் மொழில எழுத ஆரம்பிச்ச யாரா இருந்தாலும் ஒரு கட்டத்துல இந்த கேள்விக்கு வந்துடுவாங்க, நெட்வொர்க் மாதிரி பதிலுக்கு காத்திருக்கற வேலைய அசின்க் பிளாக்ல எழுதவா டாஸ்க் பிளாக்ல எழுதவான்னு. கேட்டா முக்கால்வாசி பேர் "டாஸ்க் தான் ஃபாஸ்ட், கண்ண மூடிட்டு அதையே போடு"ன்னு முடிச்சிடுறாங்க. ஃபாஸ்ட்ங்கறது உண்மை தான், ஆனா |> போட்டு (இது தான் பைப், ஒரு ஃபங்ஷனோட ரிசல்ட்ட அடுத்த ஃபங்ஷனுக்கு தள்ளி விடுற குறி) வரிசையா கோர்த்து எழுதுற கோடுல வேகத்தை விட முக்கியமான வித்தியாசம் ஒண்ணு இருக்கு, அது தெரியாம நான் ஒரு தடவை வசமா மாட்டிக்கிட்டேன்.

அசின்க் 2007லயே வந்துடுச்சு, கேம்பிரிட்ஜ் மைக்ரோசாப்ட் ரிசர்ச்ல டான் சைம் பண்ணது. சி ஷார்ப்புக்கு அசின்க் அவெயிட் வந்ததே 2012ல தான். ஆனா அதுக்கப்புறம் இந்த ரெண்டு மொழியும் ஓடற டாட்நெட்டோட லைப்ரரி மொத்தமும் டாஸ்க் பக்கம் போயிடுச்சு, நாம தான் ஒவ்வொரு காலுக்கும் டாஸ்க்க அசின்க்கா மாத்தற அவெயிட்டாஸ்க்க ஒட்டிக்கிட்டே கிடந்தோம். 2021 நவம்பர்ல எஃப் ஷார்ப் 6 வந்தப்போ தான் டாஸ்க் பிளாக் மொழிக்குள்ளயே வந்துச்சு.

இப்போ விஷயத்துக்கு வரேன். அசின்க்ங்கறது சமையல் குறிப்பு எழுதி வச்ச சீட்டு மாதிரி, யாராவது எடுத்து ஸ்டார்ட் பண்ற வரைக்கும் ஒண்ணுமே நடக்காது. டாஸ்க் அப்படி இல்ல, ஃபங்ஷனை கூப்பிட்ட அந்த நொடியே அடுப்பு பத்த வச்சாச்சு, உங்க கையில வர்றது பாதி வெந்துக்கிட்டு இருக்கற பாத்திரம்.

ஒரு கூரியர் ஏபிஐல 1,800 டிராக்கிங் நம்பருக்கு ஸ்டேட்டஸ் எடுக்கற வேலை. பழைய கோடு அசின்க்ல இருந்துச்சு, நம்பர் லிஸ்ட்ட, ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஃபங்ஷனை ஓட்டற லிஸ்ட் மேப்புக்கு பைப் பண்ணி, அதுல வர்ற 1,800 சீட்டையும், பல வேலைய ஒரே நேரத்துல ஓட்டற அசின்க் பேரலல்ல ஒரு நேரத்துக்கு 8ன்னு லிமிட் வச்சு விட்டிருந்தாங்க. நான் வேகத்துக்காக அதை டாஸ்க்கா மாத்தி, கடைசில எல்லா டாஸ்க்கும் முடியறதுக்கு காத்திருக்கற வென்ஆல் போட்டேன், பார்க்க கிட்டத்தட்ட அதே பைப் தான், கம்பைலர் ஒரு வார்னிங் கூட காட்டல. ஆனா லிஸ்ட் மேப் ஓடும்போதே 1,800 ரிக்வெஸ்ட்டும் ஒண்ணா கிளம்பிடுச்சு, வென்ஆல் வர்றதுக்குள்ள லிமிட் பண்ண ஒண்ணுமே மிச்சமில்ல. பதிலுக்கு வரிசையா 429 (ரிக்வெஸ்ட் ரொம்ப அதிகம்ங்கற எரர்), அப்புறம் எங்க ஐபியையே ரெண்டு மணி நேரம் பிளாக் பண்ணிட்டாங்க. தப்பு அவங்க மேல இல்ல, எங்க கோடு தான் அப்படி.

டாஸ்க்ல லிமிட் வைக்கவே முடியாதான்னா முடியும், ஒரு நேரத்துல இத்தனை பேர் தான்னு கணக்கு வச்சு உள்ள விடற செமஃபோர் போடலாம், டாட்நெட் 6ல இருந்து லிமிட்டோட ஓட்டற பேரலல் ஃபார்ஈச்அசின்க் இருக்கு. ஆனா ஃபார்ஈச்அசின்க் பைப்போட அழகை உடைச்சிடுது, ரிசல்ட்ட சேர்க்க வெளிய ஒரு அரே வச்சு உள்ள இருந்து எழுதிக்கிட்டு இருக்கணும். அசின்க் பேரலல்லயும் ஒரு சின்ன எரிச்சல் இருக்கு, லிமிட் கொடுக்கற வடிவத்தை பைப்ல நேரா சொருக முடியாது, நடுவுல குட்டியா ஒரு ஃபன் (பேரில்லாத ஃபங்ஷன்) எழுதணும். அது எனக்கு பரவாயில்ல.

ஃபெயில் ஆனா திரும்ப ட்ரை பண்ற ரீட்ரைலயும் இதே கதை தான். அசின்க் வேல்யூவ ரீட்ரை ஃபங்ஷன்கிட்ட கொடுத்தா ஒவ்வொரு தடவையும் புதுசா ஓடும். டாஸ்க் வேல்யூவ கொடுத்தா ஃபெயில் ஆன அதே டாஸ்க்க மூணு தடவை பார்த்து மூணு தடவையும் அதே எக்ஸெப்ஷன் தான் வரும், அதனால டாஸ்க்க திருப்பி தர்ற ஃபங்ஷனா கொடுக்கணும். கேன்சல் பண்றதுலயும் அசின்க் கை ஓங்கியிருக்கு, நிறுத்துன்னு தகவல் சொல்ற டோக்கன் தானா உள்ள வரைக்கும் போயிடும், டாஸ்க்ல ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் நாமளே கையோட கடத்தணும், ஒரு இடத்துல மறந்தா அதுக்கு கீழ இருக்கற வேலை கேன்சல் ஆகாம ஓடிக்கிட்டே இருக்கும். அசின்க் பேரலல்ல ஒண்ணு வெடிச்சா மத்ததையும் நிறுத்த சொல்லிடும், வென்ஆல் எல்லாம் முடியற வரைக்கும் காத்திருக்கும், எது வேணும்ங்கறது வேலைய பொறுத்தது.

டாஸ்க்க குறைச்சு சொல்ல வரல. ஏஎஸ்பி டாட்நெட் கோர்ல (டாட்நெட்டோட வெப் ஃப்ரேம்வொர்க்) எழுதற ஹேண்ட்லர், டேட்டாபேஸ் கால், சி ஷார்ப் ஆளுங்க கூப்பிடப்போற லைப்ரரி, இங்கெல்லாம் டாஸ்க் தான், யோசிக்கவே வேணாம். மெமரி அலகேஷன் கம்மி, எரர் எந்த வழியா வந்துச்சுன்னு காட்டற ஸ்டாக் டிரேஸ்ஸும் படிக்கற மாதிரி வரும், அசின்க்ல எரர் வந்தா எந்த வரின்னு தேடறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். டாஸ்க்குள்ள லெட் பேங் (let!, முடியற வரை காத்திருந்து ரிசல்ட்ட எடுக்கறது) போட்டு அசின்க்க நேராவே எடுத்துக்கலாம், அசின்க்குள்ள டாஸ்க்க எடுக்கத்தான் அவெயிட்டாஸ்க் ஒட்டணும்.

ஆனா தன்னையே திருப்பி கூப்பிடற லூப் எழுதறீங்கன்னா டாஸ்க் வேணாம். அசின்க்ல ரிட்டர்ன் பேங் (return!) போட்டு முடிவே இல்லாம சுத்தலாம், டாஸ்க்ல டெயில் கால் (பழைய காலை விட்டுட்டு அடுத்ததுக்கு போற வசதி) இல்லாததால மெமரி மெல்ல ஏறிக்கிட்டே போகும், அங்க ஒயில் லூப் தான் கதி. வர்ற மெசேஜ வரிசையா ஒவ்வொண்ணா எடுத்து வேலை செய்யற மெயில்பாக்ஸ் ப்ராசஸர் வச்சு எழுதறவங்களுக்கு இந்த சந்தேகமே வராது, அது அசின்க்க மட்டும் தான் ஏத்துக்கும்.

அந்த கூரியர் கோடு இப்போ ரெண்டும் கலந்து இருக்கு, ஒரு நம்பருக்கு ஸ்டேட்டஸ் எடுக்கற உள் ஃபங்ஷன் டாஸ்க், அதை ஒரு அசின்க் பிளாக்குக்குள்ள வச்சு கூப்பிடறதால லிஸ்ட் மேப்ல எதுவும் கிளம்பாது, வெளிய பைப் மொத்தமும் அசின்க், லிமிட் அதே 8.