வன்னியில் ஒரு வீட்டுச் சேர்வர்: பல வருடப் பாவனைக்குப் பிறகு

கிளிநொச்சியில் எங்கள் வீட்டில் ராஸ்பெரி பை 4 என்ற கையளவுக் கணினி ஒன்று பல வருடங்களாகச் சேர்வராக ஓடிக்கொண்டிருக்கிறது. குடும்பப் படங்கள், வற்றாப்பளைப் பொங்கலில் எடுத்த வீடியோக்கள், ஊர்ப் பெரியவர்கள் பாடிய கூத்துப் பாட்டுகளின் ஒலிப்பதிவுகள் எல்லாம் அதற்குள்தான். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தக்காரர் தங்கள் போனிலேயே திறந்து பார்க்கிறார்கள். எங்கள் சனத்திடம் பழைய படங்கள் மிஞ்சியதே குறைவு. மிஞ்சியவற்றின் மூலப்பிரதி நம் வீட்டிலேயே இருக்கவேண்டும் என்பதில் நான் பிடிவாதமானவன்.

வீட்டுச் சேர்வரை வெளியே திறப்பது பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் 'ரவுட்டரில் 80, 443 போர்ட்டுகளை (வலைத்தளங்கள் பாவிக்கும் வாசல்களை) திறந்துவிடுங்கள்' என்றுதான் தொடங்கும். 4ஜி ரவுட்டரை நம்பியிருக்கிற நம் பக்கத்து வீடுகளில் அது அனேகமாக வேலை செய்யாது. முதலில் ரவுட்டரின் பக்கத்தில் காட்டும் வெளி முகவரியையும், 'என் ஐ.பி. என்ன' என்று இணையத்தில் தேடினால் வருவதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறாக இருந்தால், அதிலும் ரவுட்டரில் 100.64 முதல் 100.127 வரைக்குள் ஏதாவது தொடங்கினால், நீங்கள் சி.ஜி.நாட் என்ற முகவரிப் பங்கீட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பங்குபோடுகின்றன. ஆசிய பசிபிக் பகுதிக்கான ஐ.பி.வி4 என்ற வழக்கமான இணைய முகவரிகள் 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டன. இந்தப் பங்கீட்டுக்கென்று அந்த 100.64 வரிசையை 2012இல் ஒதுக்கினார்கள். வெளியிலிருந்து வருகிற இணைப்பு எந்த வீட்டுக்கு என்று இணைய நிறுவனத்தின் கருவிக்குத் தெரியாது. நீங்கள் ரவுட்டரில் எதைத் திறந்தாலும் பயனில்லை. டக்டிஎன்எஸ் போன்ற மாறும் முகவரிச் சேவைகளும் இங்கே உதவாது.

அப்போ இணைப்பு உள்ளேயிருந்து வெளியே போகவேண்டும். நான் முதலில் பாவித்தது கிளவுட்ஃபிளேர் டனல்; வீட்டிலிருந்து அந்த நிறுவனத்தின் சேர்வருக்குப் போகிற இணைப்பு வழியாக வெளியாட்களை உள்ளே விடும் சேவை. சொந்த டொமைன் (தளப் பெயர்) ஒன்று இருந்தால் போதும், இலவசம், கொஞ்ச நேரத்தில் அமைத்துவிடலாம். தொடங்குகிறவருக்கு இப்போதும் அதைத்தான் சொல்வேன். ஆனால் இலவசத் திட்டத்தில் ஒரே தடவையில் 100 மெகாபைட்டுக்கு மேல் ஏற்ற முடியாது. பொங்கல் வீடியோ ஒன்றே அதைத் தாண்டும். தவிர, குறியாக்கம் (இடையில் யாரும் படிக்காதபடி போடும் பூட்டு) அவர்கள் பக்கத்தில் அவிழ்ந்து மறுபடி கட்டப்படுகிறது. வீட்டுப் படங்களுக்கு அது எனக்குச் சரிவரவில்லை.

அதனால் வெளிநாட்டில் சின்ன வி.பி.எஸ். (இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் சேர்வர்) ஒன்றை எடுத்து, வீட்டிலிருந்து அதற்கு வயர்கார்ட் என்ற வி.பி.என். மென்பொருளால் பூட்டிய இணைப்புப் போட்டேன். இன்றுவரை நிலைத்திருப்பது இதுதான். வி.பி.எஸ்ஸில் என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருள் 443க்கு வருவதை அவிழ்க்காமல் அப்படியே வீட்டுக்குத் தள்ளிவிடுகிறது. அந்தக் குறியாக்கத்துக்கான சான்றிதழும் சாவியும் வீட்டில் கேடி என்ற வலைச்சேர்வர் மென்பொருளிடம் இருக்கின்றன. சான்றிதழை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்கிரிப்டிடம் புதுப்பிப்பதையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. கரண்ட் போய் வந்து ரவுட்டருக்குப் புது முகவரி கிடைத்தாலும், வீட்டுப் பக்கம் தானாகப் பேசத் தொடங்க, வி.பி.எஸ். புது முகவரியைப் பிடித்துக்கொள்ளும். வயர்கார்ட் அமைப்பில், வீட்டுப் பக்கம் எத்தனை விநாடிக்கு ஒருமுறை பேசவேண்டும் என்று சொல்கிற 'பெர்சிஸ்டன்ட்கீப்அலைவ்' மதிப்பை 25 என்று வையுங்கள். வைக்காவிட்டால் சும்மா இருக்கிற நேரத்தில் சி.ஜி.நாட் வழியை மூடிவிடும், வெளியிலிருந்து யாரும் உள்ளே வரமுடியாது.

இன்னொன்று, தலையைப் பிய்க்க வைக்கிற சிக்கல்: பக்கம் திறக்கும், சின்னப் படம் வரும், பெரிய படம் பாதியில் நின்றுவிடும். அனேகமாக எம்.டி.யூ. (ஒரே தடவையில் அனுப்பும் தரவுப் பொதியின் உச்ச அளவு, பைட்டில்) தான் காரணம். வயர்கார்ட் வழக்கமாக 1420 எடுக்கும்; 4ஜி பாதையில் சில வேளை அது பெரிது. இரண்டு பக்கமும் 1280 ஆக்கிப் பாருங்கள். எங்களுக்கு அதோடு தீர்ந்தது.

பாதுகாப்பில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். சான்றிதழ் எடுத்த உடனேயே உங்கள் சேர்வரின் பெயர் பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும், யாரும் பார்க்கலாம். 'இந்த விலாசம் ஆருக்குத் தெரியும்' என்று இருந்துவிடாதீர்கள். கதவு தட்டுகிற தானியங்கிகள் வந்தபடியே இருக்கும். வீட்டுச் சேர்வரைத் தூரத்திலிருந்து இயக்கும் எஸ்.எஸ்.எச். நுழைவு வயர்கார்ட் வழியாக மட்டும். வி.பி.எஸ்ஸில் எஸ்.எஸ்.எச்.சுக்குக் கடவுச்சொல்லை நிறுத்திச் சாவிக் கோப்பால் மட்டும் நுழையுங்கள்.

மென்பொருளைவிடக் கரண்டுக்குத்தான் நம் ஊரில் கூடக் கவனம் வேண்டும். திடீரென்று நின்றால் எஸ்.டி. அட்டை கெட்டுப்போகும்; தரவை எஸ்.எஸ்.டியில் வையுங்கள், பிரதி ஒன்றை வேறு வீட்டிலும் வையுங்கள். ரவுட்டருக்கு 12 வோல்ட் சின்ன யூ.பி.எஸ். நல்லது. 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற காலத்தில் எந்தப் பற்றரியும் தாங்கவில்லை, அது வேறு கதை. ஐப்பசி, கார்த்திகையில் பின்னேர இடி தொடங்கினால் பிளக்கையும் கூரை அன்டெனா வயரையும் கழற்றிவிடுகிறேன். அந்த நேரம் தளம் திறக்காது என்று சொந்தக்காரருக்கும் தெரியும்.

மிச்சம் இருக்கிற குறை வீட்டிலிருந்து வெளியே ஏற்றும் வேகம். பொங்கலுக்கு அடுத்த நாள் எல்லாரும் ஒன்றாகத் திறந்தால் வீடியோ இழுபடும். ஒவ்வொரு வீடியோவுக்கும் 480பி (குறைந்த தரம்) பிரதி ஒன்று செய்து முன்னால் வைக்கிறேன். முழுத் தரத்தில் வேண்டியவர்கள் இரவில் இறக்கிக்கொள்கிறார்கள். ஃபைபர் எங்கள் ஒழுங்கைக்கு வந்தால் இதையும் மாற்றலாம்.