பெரிய எஸ்யூவிக்கு எந்த பிரேக் பேட்? பழைய பேடைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்

ஒரே சக்கரத்திலிருந்து கழற்றிய இரண்டு பிரேக் பேடுகள் என் மேசையில் கிடக்கின்றன. உள்பக்கத்துப் பேடில் 2 மி.மீ.தான் மிச்சம். வெளிப்பக்கத்துப் பேடில் இன்னும் 7 மி.மீ. இருக்கிறது. இரண்டும் ஒரே பெட்டியில் வந்தவை, ஒரே நாளில் மாட்டியவை, சக்கரத்தோடு சுழலும் ஒரே டிஸ்க்கைப் பிடித்தவை. வண்டி ஏழு பேர் உட்காரும் பெரிய எஸ்யூவி. "இந்த பிராண்டே சரியில்லை, வேறு ஏதாவது போடலாம்" என்றுதான் முதலில் எனக்கும் தோன்றியது. ஆனால் பேடில் கோளாறு என்றால் இரண்டுமே அல்லவா தேய்ந்திருக்க வேண்டும்?

பெரிய வண்டியில் பிரேக் சீக்கிரம் தேய்கிறது என்றதும் எல்லோரும் நேராகப் போவது "எந்த பேட் நல்லது" என்ற கேள்விக்குத்தான். நானும் அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால், பிரேக் செய்கிற வேலை எவ்வளவு என்று ஒரு கணக்கைப் பார்த்துவிடலாம். ஒப்பீடு முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது.

பிரேக் என்பது வேகத்தை வெப்பமாக மாற்றுகிற கருவி. 1,200 கிலோ எடையுள்ள சிறிய கார் 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது சுமார் 460 கிலோஜூல் வெப்பம் உண்டாகிறது. 2,500 கிலோ எஸ்யூவி என்றால் சுமார் 965 கிலோஜூல். அதே எஸ்யூவி 120-லிருந்து நின்றால் கிட்டத்தட்ட 1,390. வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடியது, வெப்பமோ பாதிக்குப் பக்கமாகக் கூடிவிட்டது. இதில் ஏழு பேரும் மேலே கேரியர் நிறைய மூட்டையும் சேர்ந்தால் எடை மூன்று டன்னைத் தொடும். பெரிய வண்டிக்குப் பெரிய டிஸ்க்கும் பெரிய பேடும் கொடுத்திருப்பார்கள், உண்மைதான். ஆனால் அது கம்பெனி போட்ட டயருக்கும் கம்பெனி சொன்ன எடைக்கும் போட்ட கணக்கு. பார்வைக்காக விட்டம் கூடிய, கனமான டயரை மாட்டினால் அதே பிரேக் இன்னும் நீளமான நெம்புகோலை எதிர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும்.

சரி, பேடுகளுக்கு வருவோம். சந்தையில் கிடைப்பவற்றைப் பெரும்பாலும் மூன்று குடும்பங்களாகப் பிரிக்கலாம்.

ஆர்கானிக் பேட் நார்களையும் பிசினையும் சேர்த்து அழுத்திச் செய்தது. சத்தமே வராது, முதல் மிதியிலேயே மென்மையாகப் பிடிக்கும், டிஸ்க்கையும் அதிகம் அரிக்காது. நகரத்துக்குள் ஓடும் சின்னக் காருக்கு அருமையான பேட். பெரிய எஸ்யூவிக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். சூடு ஏற ஏறப் பிடிப்பு குறைகிறது, தேய்மானமும் வேகமாகிறது. அதிகம் சூடான ஆர்கானிக் பேடின் முகம் கண்ணாடி மாதிரி வழவழவென்று ஆகிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு அழுத்தினாலும் பழைய பிடிப்பு வராது.

செமி மெட்டாலிக்கில் எடையில் ஏறக்குறைய 30 முதல் 65 சதவீதம் வரை இரும்பு, எஃகு போன்ற உலோகம் இருக்கும். இதன் பெரிய பலம் சூட்டைத் தாங்குவது. பாரம் ஏற்றினாலும், டிரெய்லர் இழுத்தாலும், மலையிறக்கத்திலும் பிடிப்பைச் சட்டென்று கைவிடாது. இதற்கு விலையாக நாம் கொடுப்பது: காலையில் குளிர்ந்திருக்கும்போது முதல் சில மிதிகளில் பிடிப்பு கொஞ்சம் மந்தமாக இருக்கும், சில வண்டிகளில் கிறீச்சிடும், சக்கரமெல்லாம் கருப்புத் தூசு படியும், டிஸ்க் கூடுதலாகத் தேயும். உலோகம் வெப்பத்தை நன்றாகக் கடத்தும் என்பதால் சூட்டில் ஒரு பங்கு, பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்துகிற காலிப்பருக்கும் பிரேக் ஆயிலுக்கும் போய்ச் சேரும். அதனால் இந்த பேடைப் போடுகிறவர்கள் ஆயில் விஷயத்தில் அசட்டையாக இருக்கக் கூடாது.

செராமிக் இரண்டுக்கும் நடுவே வருவது. சத்தம் குறைவு, தூசு குறைவு, படிகிற தூசும் வெளிர் நிறம். சாதாரண ஓட்டத்தில் பேடும் டிஸ்க்கும் நீண்ட நாள் வரும். இதைப் பந்தயக் கார்களில் வரும் கார்பன் செராமிக் டிஸ்க்கோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது வேறு சமாச்சாரம், இது சாதாரண இரும்பு டிஸ்க்கில் உரசுகிற பேட்தான். நல்ல செராமிக் பேட் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் ஓடும் எஸ்யூவிக்குத் தாராளமாகப் போதும். ஆனால் முழுப் பாரத்தோடு தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கும்போது செமி மெட்டாலிக் கொடுக்கும் தைரியத்தை இது எனக்குக் கொடுத்ததில்லை.

பத்து வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு பேடைப் பற்றிச் சொன்னதை இன்றைக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். முன்பெல்லாம் வெப்பத்தைக் கடத்துவதற்குப் பல பேடுகளில் தாமிரம் கலப்பார்கள். அந்தத் தூசு நீர்நிலைகளில் சேர்ந்து மீன்களைப் பாதிக்கிறது என்பதால், அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2010-ல் சட்டம் கொண்டுவந்தது. பேடில் தாமிரம் 2021 முதல் 5 சதவீதத்துக்கு மேலும், 2025 முதல் 0.5 சதவீதத்துக்கு மேலும் இருக்கக் கூடாது. பெரிய சந்தை ஒன்றில் விதி மாறினால் கலவையும் மாறத்தான் செய்யும். அதே பெயர், அதே பெட்டி என்றாலும் உள்ளே இருப்பது வேறாக இருக்கலாம்.

பெயரைவிட எனக்கு உதவுவது பேடின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் குறியீடு. அதன் முடிவில் பெரும்பாலும் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் எவ்வளவு பிடிப்பு என்பதையும், இரண்டாவது நல்ல சூட்டில் எவ்வளவு என்பதையும் காட்டும். 'இ' என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45, 'ஜி' என்றால் 0.45 முதல் 0.55. கனமான வண்டிக்கு இரண்டாவது எழுத்து முதல் எழுத்தைவிட இறங்கியிருக்கும் பேடை நான் வாங்குவதில்லை. ஆனால் இது பிடிப்பைச் சொல்லும் எழுத்து, ஆயுளைச் சொல்வதல்ல.

டிஸ்க்கைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. துளையிட்ட டிஸ்க் பார்க்க அழகு, ஆனால் கனமான வண்டியின் சூட்டில் துளையோரம் விரிசல் விழ வாய்ப்பு உண்டு. கோடு வெட்டியது பேடைக் கொஞ்சம் வேகமாகத் தின்னும். நடுவே காற்றோடும் சாதாரண டிஸ்க்தான் என் தேர்வு. தேய்ந்த டிஸ்க்கை லேத்தில் கொடுத்துக் கடைவதா, புதிது போடுவதா என்றால், சின்ன வண்டிக்குக் கடையலாம். பெரிய வண்டிக்கு டிஸ்க்கின் எடைதான் சூட்டை வாங்கிக்கொள்ளும் பாத்திரம், பாத்திரத்தைச் சுரண்டிச் சிறிதாக்குவதில் எனக்குச் சம்மதமில்லை. குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். கடைந்த பிறகு அதற்குக் கீழே போகும் என்றால் பேச்சே இல்லை, புதிதுதான்.

பேடைவிட ஆயுளை அதிகம் தீர்மானிப்பது இறக்கத்தில் நாம் இறங்கும் விதம். 2,500 கிலோ வண்டி 500 மீட்டர் உயரம் இறங்கினால் 12 மெகாஜூலுக்கு மேல் ஆற்றல் வெளியே போயாக வேண்டும். 100 கி.மீ. வேகத்திலிருந்து பன்னிரண்டு தடவைக்கு மேல் நிறுத்துவதற்குச் சமம் அது. காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதியை பேட் வாங்கலாம், இல்லையென்றால் இன்ஜின் வாங்கலாம். கியரைக் குறைத்தால் இன்ஜின் வாங்கும். ஆட்டோமேட்டிக்கிலும் மேனுவல் மோடுக்கு மாற்றி இதைச் செய்யலாம். டீசல் இன்ஜின் பெட்ரோல் அளவுக்கு இழுத்துப் பிடிக்காது, எனவே இன்னும் ஒரு கியர் கீழே போக வேண்டிவரும். இங்கே பலர் ஏமாறும் இடம் ஹில் டிசென்ட் கன்ட்ரோல். அந்த பட்டனை அழுத்தியதும் வண்டி தானாக நிதானமாக இறங்குகிறதே, பிரேக்குக்கு ஓய்வு என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது பிரேக்கைத்தான் படபடவென்று பிடித்துவிடுகிறது. செங்குத்தான மண்பாதையில் கொஞ்ச தூரத்துக்கு அது நல்ல துணை. நீண்ட தார்ச்சாலை இறக்கத்துக்கு ஏற்றது குறைந்த கியர்தான்.

பின்சக்கரப் பேட் முன்சக்கரப் பேடைவிட முதலில் தீர்ந்து போவதற்கும் இப்படி ஒரு காரணம் இருக்கலாம். வண்டி நிலைகுலையாமல் காக்கும் எலெக்ட்ரானிக் அமைப்பு, முன்னால் போகிற வண்டியைப் பார்த்து வேகத்தைக் குறைக்கும் க்ரூஸ் கன்ட்ரோல் எல்லாம் நாம் மிதிக்காமலே பிரேக் பிடிக்கின்றன. பின்சக்கரப் பேட் பெரும்பாலும் மெல்லியது வேறு.

இனி என் மேசையில் கிடக்கும் அந்த இரண்டு பேடுகள். காலிப்பரைத் தாங்கி நகரவிடும் ஸ்லைடு பின்னைப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. ரப்பர் உறையில் நகம் நுழையும் அளவு ஒரு கிழிசல். அதன் வழியே தண்ணீர் போய், உள்ளே கிரீஸ் இருந்த இடத்தில் செம்மண் நிறத்தில் துரு. நல்ல பின் ஒரு விரலால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு போகும். இங்கே பின் இறுகிவிட்டதால் காலிப்பர் நகரவில்லை. பேடைத் தள்ளும் பிஸ்டன் இருக்கும் உள்பக்கத்துப் பேட் மட்டும் எல்லா வேலையையும் செய்தது, மிதியை விட்ட பிறகும் டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடியது. இந்த நிலையில் உலகத்திலேயே சிறந்த பேடை மாட்டினாலும் இதே கதிதான். முன்பு ஒரு ஒர்க்‌ஷாப்பில் பேட் மாற்றியபோது பின்னைக் கழற்றிப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஆப்பு மாதிரி ஒரு முனை மட்டும் தேய்ந்திருந்தாலும் பின்னையும், பேட் உட்காரும் இடத்தில் சேர்ந்த துருவையும் பாருங்கள். நான்கு சக்கரத்தில் ஒன்றில் மட்டும் இரண்டு பேடும் தேய்ந்திருந்தால் பிஸ்டனையோ, உள்ளே ஊதிப்போன பிரேக் ஹோஸையோ சந்தேகப்படுங்கள். எல்லாச் சக்கரத்திலும் உள்ளும் வெளியும் சமமாக, ஆனால் சீக்கிரமாகத் தேய்ந்திருந்தால் மட்டும்தான் மேலே சொன்ன பேட் ஒப்பீடு உங்களுக்குப் பயன்படும்.

என் வண்டிக்குக் கடைசியில் செமி மெட்டாலிக்கையே போட்டேன், வருடத்தில் பல முறை முழுப் பாரத்தோடு மலையேறி இறங்குகிற வண்டி அது. புதிய பின், புதிய ரப்பர் உறை, பிரேக்குக்கென்றே வரும் சிலிக்கான் கிரீஸ். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வைத்துவிடும். பழைய ஆயிலை வடித்துவிட்டு டாட் 4 தரத்துப் பிரேக் ஆயிலை நிரப்பினேன். புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரத்தை உறிஞ்சிய பிறகு 155 வரை இறங்கலாம். ஆயிலை வருடக்கணக்கில் அப்படியே விடக் கூடாது என்பது இதனால்தான். அப்புறம் புதிய பேட் டிஸ்க்கோடு படிவதற்காக, காலியான சாலையில் 50-லிருந்து 10 வரை நிற்காமல் பத்து முறை நிதானமாகப் பிடித்து, பிரேக்கைத் தொடாமல் ஆறவிட்டேன்.

போன வாரம் சக்கரத்தைக் கழற்றி அளந்தேன். உள்ளே 8 மி.மீ., வெளியே 8 மி.மீ.