வெயிலில் கருத்த தோலுக்குக் கற்றாழை, அதிமதுரம், கஸ்தூரி மஞ்சள்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

கோடை வந்தால் நாட்டு மருந்துக் கடையிலும் மெடிக்கல் ஷாப்பிலும் இந்த மூன்றும் நன்றாக ஓடும். ஆனால் வேலை வேறு வேறு. எரிகிற தோலுக்குக் கற்றாழை. எரிச்சல் அடங்கிக் கருமை மட்டும் நின்றுவிட்டால் அதிமதுரம். கஸ்தூரி மஞ்சளுக்கு விளம்பரம் அதிகம்.

வீட்டுத் தொட்டியில் சோற்றுக் கற்றாழை இருந்தால் ஜெல் டப்பாவே வேண்டாம். அடியிலுள்ள முற்றிய மடலை அறுத்து, வெட்டுவாய் கீழே இருக்கும்படி டம்ளரில் 10-15 நிமிடம் நிறுத்துங்கள். மஞ்சள் பால் வடியும். "எனக்குக் கற்றாழை ஒத்துக்காது" என்பவர்களில் பலருக்கு அரிப்பைக் கொடுப்பது இந்தப் பால்தான். பிறகு முள் ஓரங்களைச் சீவி, தோலை எடுத்து, சோற்றை வழவழப்பு குறையும்வரை அலசுங்கள். ஏழு தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்வது சும்மா இல்லை. மிக்ஸியில் அடித்தால் நுரைத்து நீர்த்துவிடும், ஸ்பூனால் மசித்தால் போதும். ஃபிரிட்ஜில் மூன்று நாள் வைக்கலாம். இளஞ்சிவப்பாக மாறினாலோ புளிப்பு வாடை அடித்தாலோ கொட்டிவிடுங்கள்.

டப்பா வாங்குபவர்கள் முன்பக்கத்து "99%" என்பதை விட்டுவிட்டுப் பின்பக்கம் பாருங்கள். அதிகம் சேர்த்த பொருள் பட்டியலில் முதலில் வரும். தண்ணீர், கெட்டியாக்கும் கார்போமர் எல்லாம் வந்தபிறகு கடைசியில் கற்றாழைச் சாறு எட்டிப் பார்த்தால், அது வெறும் தண்ணீர் ஜெல். கரும்பச்சை நிறம் சாயம். நிஜக் கற்றாழைச் சோற்றுக்கு நிறமே கிடையாது. வாசனையும் ஆல்கஹாலும் சேர்ந்ததை வெந்த தோலில் தடவினால் சுரீரென்று எரியும். பிரிசர்வேட்டிவ் இருப்பதைக் குறையாக நினைக்காதீர்கள். நீர் நிறைந்த ஜெல்லில் அது இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

தடவும் முன் அந்த இடத்தைக் குளிர்ந்த தண்ணீரில் 10 நிமிடம் நனையுங்கள், ஐஸ் வேண்டாம். கொப்புளம் உடைந்திருந்தால் எதையும் பூசாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

அதிமதுரத்தைப் பொடியாக வாங்காமல் குச்சியாக வாங்கி அரைப்பது நல்லது. உடைத்தால் உள்ளே மஞ்சளாகவும், மென்றால் தித்திப்பாகவும் இருக்க வேண்டும். அதிலுள்ள கிளாப்ரிடின் என்ற பொருள், தோலுக்குக் கருமை தரும் மெலனின் நிறமி உருவாவதை மட்டுப்படுத்தும். சிக்கல் என்னவென்றால் அது தண்ணீரில் லேசில் கரையாது. அதனால் வீட்டு பேக் மெதுவாகத்தான் வேலை செய்யும். அதிமதுரச் சாறு சேர்த்த க்ரீம் இந்த விஷயத்தில் ஒரு படி மேல். பேக் போடுவதென்றால் ஒரு டீஸ்பூன் பொடி, இரண்டு டீஸ்பூன் தயிர், 15 நிமிடம், வாரம் இரண்டு முறை. இறுகிக் காயும் முன் கழுவுங்கள். காய்ந்ததைத் தேய்த்து எடுத்தால் இருக்கிற கருமை கூடும். முதல்முறை முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பாருங்கள்.

கஸ்தூரி மஞ்சளில் கலப்படம் சகஜம். அசல் பொடி வெளிறிய சந்தன நிறத்தில், கற்பூர வாடையோடு இருக்கும். பளீர் மஞ்சளாக இருந்தால் பெரும்பாலும் வேறு கிழங்கு. அசலே கிடைத்தாலும் கருமை போக்குவதில் அதிமதுரத்துக்குப் பின்னால்தான் வைப்போம்.

சில பேக் பாக்கெட்டுகளில் "எலுமிச்சைச் சாறு கலந்து பூசவும்" என்று அச்சடித்திருக்கிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் போட்டு, மாதக் கணக்கில் கறுப்புத் திட்டு நிற்கும்.

முகத்தில் திட்டுத் திட்டாகப் படரும் மங்குக்கு இந்த மூன்றையும் நம்பிக் காசைக் கரைக்க வேண்டாம், ஜாதிக்காய் இழைத்துத் தேய்ப்பதும் பலருக்குப் புண்ணில் முடிகிறது. சாதாரண வெயில் கருமை சில வாரங்களில் தானாகவே மங்கும், மறுபடி வெயில் படாமல் இருந்தால். அதற்கு எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன், முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிய அளவு, வெளியிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை.