ஃப்ரீவே ஃபைட்டர்: நாலு ராக்கெட், இரண்டு ஸ்டெப்னி, பத்து மெட்கிட்

இயன் லிவிங்ஸ்டன் எழுதி 1985-இல் பஃபின் வெளியிட்ட 'ஃப்ரீவே ஃபைட்டர்', ஃபைட்டிங் ஃபேன்டஸி வரிசையில் 13-ஆவது புத்தகம். படிப்பவரே நாயகனாகி, பகடை உருட்டிச் சண்டை போட்டு, எண்ணிட்ட பத்திகளில் அடுத்து எதற்குப் போவது என்று தேர்ந்தெடுத்து விளையாடும் புத்தகங்கள் இவை. வாளும் மந்திரமும் டிராகனும்தான் அந்த வரிசையின் வழக்கம். இதிலோ குதிரைக்குப் பதில் கவசம் போர்த்திய டாட்ஜ் இன்டர்செப்டர் கார், வாளுக்குப் பதில் மெஷின்கன். வழக்கமான 400 பத்திகளும் கிடையாது, 380-தான். முதல் இரண்டு ஆட்டத்தில் இதைக் கார்ச் சண்டைப் புத்தகம் என்று நினைப்போம். பத்து ஆட்டம் ஆன பிறகு பார்த்தால், கையிருப்பு கரைவதைக் கணக்கு வைக்கும் புத்தகம் என்பது புரியும். இந்தப் பகிர்வு அந்தக் கணக்கைப் பற்றியது.

கதை சிறியது. 2022 ஆகஸ்ட் 21-இல் வெடிக்கும் ஒரு கொள்ளைநோய் உலக மக்களில் 85 சதவீதம் பேரைக் கொன்றுவிடுகிறது. மிஞ்சியவர்களில் ஒரு பகுதி மதில் எழுப்பிய ஊர்களில் விவசாயம் செய்து பிழைக்க, மீதிப்பேர் நெடுஞ்சாலைகளில் வழிப்பறி செய்கிறார்கள். நியூ ஹோப் என்ற ஊரில் தானியம் இருக்கிறது, பெட்ரோல் இல்லை. தெற்கே சான் ஆங்லோவில் சுத்திகரிப்பு ஆலை ஓடுகிறது, ஆனால் விதைக்குத் தட்டுப்பாடு. விதையைக் கொடுத்து 10,000 லிட்டர் பெட்ரோல் வாங்கி வரக் கிளம்புபவர் நீங்கள். அமெரிக்கச் சாலை, அமெரிக்கக் கார், ஆனால் கேலன் இல்லாமல் லிட்டர், அமெரிக்கர்கள் சொல்லும் 'கேஸ்' இல்லாமல் பெட்ரோல். எழுதியவர் ஆங்கிலேயர் என்பதை மறைக்க முயலவே இல்லை. 1985-இல் எதிர்காலமாக இருந்த தேதியை இப்போது தாண்டி வந்துவிட்டோம் என்பது தனி வேடிக்கை.

காரில் ஆயுதம் ஏற்றும் யோசனை லிவிங்ஸ்டனுக்குத் திடீரென்று வந்ததல்ல. கேரி சாக்குடன் சேர்ந்து அவர் வடிவமைத்த 'பேட்டில்கார்ஸ்' பலகை விளையாட்டை கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1983-இலேயே விற்றது. அமெரிக்காவில் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸின் 'கார் வார்ஸ்' அதற்கும் முந்தியது. இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும்: லிவிங்ஸ்டனோடு இந்த வரிசையைத் தொடங்கியவர் பிரிட்டிஷ் ஸ்டீவ் ஜாக்சன், கார் வார்ஸ்காரர் அமெரிக்க ஸ்டீவ் ஜாக்சன். அமெரிக்கரும் இதே வரிசைக்குச் சில புத்தகங்கள் எழுதியிருக்கிறார் என்பதால் பழைய புத்தகம் தேடுபவர்கள் இன்றைக்கும் இடறுகிறார்கள்.

தொடங்கும்போது ஐந்து எண்கள் போட வேண்டும். ஸ்கில் (உங்கள் திறமை), லக் (அதிர்ஷ்டம்), ஃபயர்பவர் (காரின் சுடுதிறன்) மூன்றுக்கும் ஒரு பகடையோடு 6 கூட்டல், அதாவது 7 முதல் 12 வரை. ஸ்டாமினா, ஆர்மர் இரண்டுக்கும் இரண்டு பகடையோடு 24 கூட்டல், 26 முதல் 36 வரை. ஸ்டாமினா உங்கள் உயிர், ஆர்மர் காரின் உயிர், எது தீர்ந்தாலும் கதை முடிந்தது. இவற்றோடு 10 மெட்கிட் (மருந்துப் பெட்டி), 200 கிரெடிட் (கதையில் வரும் பணம்), 4 ராக்கெட், 3 டப்பா இரும்பு முள், 2 டப்பா எண்ணெய், 2 ஸ்டெப்னி.

வரிசையின் மற்ற புத்தகங்களில் ஸ்டாமினா இரண்டு பகடையோடு 12-தான். இங்கே இரட்டிப்பாகக் கொடுத்துவிட்டார் என்று தோன்றும், அது கண்கட்டு. மற்றவற்றில் ஓர் அடிக்கு 2 புள்ளிதான் போகும், இங்கே துப்பாக்கிக் குண்டுக்கும் கார்ச் சண்டைக்கும் ஒரு பகடை அளவு, சராசரி 3.5. பழைய முறையில் சராசரி 19 புள்ளி பத்து அடி தாங்கும். இங்கே சராசரி 31 புள்ளி ஒன்பது பத்து அடியைத்தான் தாங்குகிறது. ஆயுள் அதேதான், ஏற்ற இறக்கம் மட்டும் கூடியிருக்கிறது. தொடர்ந்து மூன்று ஆறு விழுந்தால் 18 போய்விடும். 'எண் பெரிசாத்தானே இருக்கு' என்று ஆர்மரை அலட்சியம் செய்பவர்கள் பாதி வழியில் நிற்பது இதனால்தான்.

கார்ச் சண்டையில் நீங்களும் எதிரியும் ஆளுக்கு இரண்டு பகடை உருட்டி, அவரவர் ஃபயர்பவரைக் கூட்டுகிறீர்கள். கூடுதல் யாருக்கோ அவர் சுட்டது படும். சமமானால் யாருக்கும் படாது. ஃபயர்பவர் சரிசமம் என்றால் ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் வாய்ப்பு 44.4%, எதிரிக்கும் அதே, மீதி 11.3% வீண். ஒரு புள்ளி மேலே இருந்தால் 55.6-க்கு 33.6. இரண்டு புள்ளி என்றால் 66.4-க்கு 23.9. மூன்று என்றால் 76.1-க்கு 15.9. கீழே இருந்தால் இதையே புரட்டிப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதிலிருந்து அட்டவணை எதுவும் தேவைப்படாத ஒரு குறுக்குக் கணக்கு கிடைக்கிறது. எதிரியின் ஆர்மரோடு 1.7-ஐக் கூட்டுங்கள் (கடைசி அடி தேவைக்கு மேல் விழுவதற்கான ஈடு அது). வந்ததை, ஃபயர்பவர் சமமானால் 1-ஆல் பெருக்குங்கள். நீங்கள் ஒன்று மேலே என்றால் 0.6, இரண்டு மேலே என்றால் 0.36, மூன்று மேலே என்றால் 0.21. ஒன்று கீழே என்றால் 1.66, இரண்டு கீழே என்றால் 2.78. விடைதான் அந்தச் சண்டையை முடிக்க உங்கள் காருக்கு ஆகும் சராசரிச் செலவு.

உதாரணத்துக்கு ஃபயர்பவர் 8, ஆர்மர் 14 உள்ள ஒரு வண்டி எதிரே வருகிறது. உங்கள் ஃபயர்பவர் 10 என்றால் ஏறக்குறைய 6 புள்ளி போகும், தாங்கலாம். 8 என்றால் 16, பாதிக் கார் போச்சு. 7 என்றால் 26. ஃபயர்பவர் 7-க்கும் 10-க்கும் நடுவே தாளில் மூன்று புள்ளிதான் இடைவெளி, சாலையில் இருபது புள்ளி ஆர்மர்.

ராக்கெட்டின் மதிப்பு இங்கேதான் தெரிகிறது. ராக்கெட் ஏவினால் பகடையே வேண்டாம், எதிரி வண்டி ஒழிந்தது. அதாவது மேலே வந்த விடை எத்தனையோ, அத்தனை ஆர்மர் மிச்சம். விடை 15-ஐத் தாண்டினால் யோசிக்காமல் ஏவுங்கள். 6, 7 என்றால் மெஷின்கன் போதும். புதிதாக விளையாடுபவர்கள் செய்யும் பெரிய தப்பு, கடைசியில் பெரிய எதிரி வருவான் என்று நான்கையும் பொத்திப் பொத்தி வைப்பது. பெட்டிக்குள் பட்டுச்சேலையைப் பூட்டிவைத்த கதைதான், உடுத்தாமலேயே போய்விடுவார்கள். ஏவும் முடிவையும் சண்டை தொடங்கும்போதே எடுத்துவிட வேண்டும். பத்து புள்ளி இழந்த பிறகு பயந்து ஏவினால் ராக்கெட்டும் போச்சு, ஆர்மரும் போச்சு.

எண்ணெயும் இரும்பு முள்ளும் காரின் பின்னால் துரத்துபவர்களுக்கானவை. பெரும்பாலும் பத்தியே கேட்கும் இடத்தில்தான் பயன்படும், எனவே கேட்கும்போது தயங்க வேண்டியதில்லை. ஸ்டெப்னிதான் சத்தமில்லாமல் ஆளை முடிப்பது. டயர் வெடித்து, மாற்றச் சக்கரம் இல்லையென்றால், ஆர்மர் 30 இருந்தாலும் பயணம் அதோடு நின்றது. காருக்கே பெட்ரோல் வேண்டும் என்பதும் அப்படித்தான். பெட்ரோல் வாங்கப் போகிறவர் வழியில் பெட்ரோல் தேட வேண்டிய நிலை, புத்தகத்தின் நல்ல குறும்பு. ஓரமாக நிற்கும் கட்டடங்களையும் வண்டிகளையும் 'நமக்கெதற்கு வம்பு' என்று கடந்து போகும் ஜாக்கிரதைக்காரர்தான் எரிபொருள் தீர்ந்து நிற்பார். மற்ற புத்தகங்களில் சந்தேகத்துக்குரிய கதவைத் திறக்காமல் போவது புத்திசாலித்தனமாக இருக்கலாம். இங்கே இறங்கிப் பார்க்க வேண்டும்.

காரை விட்டு இறங்கினால் புத்தகம் கொஞ்சம் இளைக்கிறது. சண்டை முறை இரண்டாகப் பிரிகிறது. துப்பாக்கிச் சண்டையில் ஸ்கில்லைக் கூட்டி உருட்ட வேண்டும், அடிக்கு ஒரு பகடை சேதம். ஆயுதமில்லாத கைச்சண்டையில் அடிக்கு ஒரு புள்ளி, முதலில் 6 புள்ளி இழந்தவர் மயங்கி விழுவார். இந்த இரண்டையும் கார்ச் சண்டையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு. தாளின் மேல் ஓரத்தில் 'கார்: ஃபயர்பவர், ஆர்மர், பகடை, துப்பாக்கி: ஸ்கில், ஸ்டாமினா, பகடை, கை: ஸ்கில், 1, ஆறோடு முடிவு' என்று மூன்று வரி எழுதிக்கொண்டால் தீர்ந்தது.

கைச்சண்டையில் மறைந்திருக்கும் விஷயம் ஒன்று. ஆறு அடிக்கு யார் முந்துவது என்பதால் சின்ன வித்தியாசமும் பெரிதாகிவிடும். ஸ்கில் சமமானால் வெற்றி வாய்ப்பு பாதிக்குப் பாதி, ஒரு புள்ளி மேலே இருந்தாலே 80%, ஒரு புள்ளி கீழே இருந்தால் 20%. உங்கள் ஸ்டாமினா 36 இருந்தாலும் இங்கே உதவாது. மெட்கிட்டும் சண்டை நடுவே உதவாது. ஒவ்வொன்றும் 4 ஸ்டாமினா தரும், பத்தும் சேர்ந்து 40, அது இரண்டாவது உயிர் மாதிரி. ஆனால் அது உங்களுக்குத்தான், காருக்கு அல்ல. ஆர்மர் கூட வேண்டுமென்றால் கதை வழி விட வேண்டும்.

இதனால்தான் நீண்டநாள் விளையாடுபவர்கள் வைத்துக்கொள்ளும் வீட்டுச் சட்டங்களில் ஒன்றை இங்கே பரிந்துரைக்கலாம்: ஸ்கில்லுக்கும் ஃபயர்பவருக்கும் இரண்டு பகடையைச் சேர்த்து உருட்டிவிட்டு, எது எதற்கு என்று நீங்களே முடிவு செய்யுங்கள். பெரிய எண்ணை ஸ்கில்லுக்குக் கொடுங்கள். ஃபயர்பவர் குறைந்தால் நான்கு முறை ராக்கெட் கைகொடுக்கும், ஸ்கில் குறைந்தால் கைகொடுக்க எதுவும் இல்லை. இரண்டுமே 1, 2 என்று விழுந்தால் மறுபடி உருட்டுங்கள். 7-7 என்று தொடங்கும் ஆட்டம் பரமபதத்தில் பாம்பு வாயிலேயே காயை வைத்துத் தொடங்குவது போன்றது, அதில் கற்றுக்கொள்ளவும் எதுவுமில்லை.

லக் சோதனைக்கு இரண்டு பகடை. விழுந்தது லக்குக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் தப்பித்தீர்கள், எப்படியானாலும் லக்கில் ஒன்று குறையும். 10-இல் வாய்ப்பு 92%, 8-இல் 72%, 7-இல் 58%. 9-க்கு மேல் இருக்கும்வரை துணியலாம். அதற்குக் கீழே போனால், தேர்வு உங்கள் கையில் இருக்கும் இடங்களில் சோதனையைத் தவிர்க்கும் வழியைப் பாருங்கள்.

எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நடப்பவை ஒன்றுக்கொன்று ஒட்டாமல், சாலையோரம் நட்ட மைல்கல் மாதிரி வரிசையாக நிற்கின்றன: ஒரு பதுங்கல், ஒரு கைவிடப்பட்ட ஊர், ப்ளிட்ஸ் ரேஸ் என்ற கார்ப் பந்தயம், டூம் டாக்ஸ் என்ற கும்பல். சந்திப்பவர்கள் நாலு வரி பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள். விதையும் பெட்ரோலும் எதிரெதிர் ஊர்களில் என்ற நல்ல முடிச்சை வைத்துக்கொண்டு அந்த ஊர்களின் வாழ்க்கையை லிவிங்ஸ்டன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஜோ டெவரின் 'ஃப்ரீவே வாரியர்' நான்கு பாகத் தொடர் (முதல் பாகம் 1988) இதே மாதிரி உலகில், மனிதர்களோடு நெருக்கமாக, தோட்டாவைக்கூட எண்ணிச் செலவழிக்க வைத்து நடக்கிறது. கதை வேண்டுமென்றால் அங்கே போகலாம். கார்ச் சண்டைக்கென்று தனி எண், தனி விதி, பகடைச் சத்தம் வேண்டுமென்றால் இதுதான்.

லிவிங்ஸ்டனின் மற்ற புத்தகங்களோடு ஒப்பிட்டால் கடினம் குறைவு. 'டெத்ட்ராப் டஞ்சன்' போல ஏதாவது ஒரு கல்லைத் தவறவிட்டதற்காகக் கடைசிப் பக்கத்தில் கழுத்தறுக்கும் பழக்கம் இதில் அதிகமில்லை. பொருள்களைக் கணக்காகச் செலவழிப்பவர் மூன்று நாலு ஆட்டத்தில் முடித்துவிடலாம். பாதை மனப்பாடமான பிறகு திருப்பங்கள் சப்பென்று ஆகிவிடும். ஆனால் கார்ச் சண்டை மட்டும் பழசாவதில்லை. ஃபயர்பவர் 8-ஐ வைத்துக்கொண்டு மூன்று ராக்கெட் மிச்சத்தோடு முடிக்க முடியுமா என்று நீங்களே விதித்துக்கொள்ளும் பந்தயம் அதற்குப் பிறகும் ஓடும். கெவின் பல்மரின் கருப்பு வெள்ளைப் படங்களும் மறுவாசிப்பில் நிற்கின்றன.

பழைய பிரதி வாங்குவதானால் முதலில் முதுகைப் பாருங்கள். பசை காய்ந்த பிரதியை முழுவதும் விரித்தால் நடுப்பக்கங்கள் கையோடு வரும், 120 பாகைக்கு மேல் திறக்க வேண்டாம். பத்திக்குப் பத்தி முன்னும் பின்னும் தாவும் புத்தகம் என்பதால் சாதாரண நாவலைவிட முதுகு சீக்கிரம் உடையும். 380-ஆவது பத்தி வரை பக்கங்கள் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள், ஒரு தாள் போனாலும் பாதைகள் அறுந்துவிடும். எண்களைக் குறித்துவைக்கப் புத்தகத்திலேயே இருக்கும் அட்வெஞ்சர் ஷீட்டில் எழுதாதீர்கள். நகல் எடுத்து, ஆர்மருக்கும் ஸ்டாமினாவுக்கும் 36 கட்டம் போட்டு, அடி விழ விழ அடித்துக்கொண்டே போனால் அழித்தெழுதும் வேலையும் மிச்சம், எந்தச் சண்டை எவ்வளவு தின்றது என்பதும் கண்ணுக்குத் தெரியும். முந்தையவர் ஷீட்டில் பேனாவால் எழுதியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். பென்சில் என்றால் அழிப்பதற்கு முன் ராக்கெட் கட்டத்தை ஒருமுறை பாருங்கள். அநேகமாக நான்கும் அப்படியே இருக்கும்.